கல்யாண மோதிரம்: 22 கேரட்தானா?

கோவை செல்வபுரத்தில், பத்துக்குப் பத்து அறையில் நடக்கும் ஒரு நகைப் பட்டறை. கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த தராசில் என் அப்பாவின் மோதிரத்தை வைத்தார் ஆசாரி. 3.380 என்று எண் விழுந்தது. என் கையில் இருந்த பழுப்பேறிய ரசீதில் 4 கிராம் என்று இருந்தது. அரை பவுன். வருடம் 1979.

“மிச்சம் எங்கேங்க போச்சு?” என்றேன்.

“மில்லுலயும் பஸ் கம்பியிலயும் கொஞ்சம் கொஞ்சமா விட்டுட்டு வந்திருக்காருங்க” என்றார் அவர்.

அப்பா நூற்பாலையில் ஃபிட்டர். கல்யாணத்தன்று போட்ட மோதிரத்தைக் கடைசிவரை கழற்றவில்லை. மேல்பக்கம் இன்னும் தடிமனாகத்தான் இருக்கிறது. உள்ளங்கைப் பக்கமோ தகடுபோலத் தேய்ந்து, விரலால் அழுத்தினால் வளைகிறது. ஸ்பேனரும் கம்பியும் கைப்பிடியும் நாற்பத்தாறு வருடம் உரசிய இடம் அது.

அந்த மோதிரத்தோடு பட்டறைக்குப் போனதற்குக் காரணம் இருந்தது. அக்கா மகனுக்குத் தை மாதம் கல்யாணம். தாய்மாமன் சீரில் மோதிரம் என் பொறுப்பு. மாப்பிள்ளை லேத் பட்டறை நடத்துகிறான், பெண் மருத்துவமனையில் செவிலியர். “பிளாட்டினம் ஜோடி மோதிரம் போட்டுக்கலாமா மாமா?” என்று அவன் கேட்டான். “கல்யாணத்துக்குப் பவுன்தான் போடணும், அதுவும் 22 கேரட்” என்றார் அம்மா. நான் மூன்று மாதம் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் முதலில் வந்த கேள்வி, ‘எத்தனை பவுனில் பார்க்கிறீங்க?’ என்பதுதான். ‘அவர் என்ன வேலை செய்கிறார்?’ என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். தாலி உடைக்குள் மறைந்து கிடக்கும். ஆரமும் வளையலும் விசேஷம் முடிந்ததும் பீரோவுக்குப் போய்விடும். கல்யாண மோதிரம் மட்டும்தான் பாத்திரம் தேய்க்கும்போதும், வண்டி ஓட்டும்போதும், குழந்தையைக் குளிப்பாட்டும்போதும் கையோடு இருக்கிறது. மற்ற நகைக்குப் பொருந்துகிற கணக்கை அதற்கும் போடுவதால்தான் தவறு நேர்கிறது.

தேய்மானத்தை அளந்தவர்

மோதிரம் தேயும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு என்பதை ஒருவர் அளந்தே பார்த்திருக்கிறார். வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் கியோர்க் ஸ்டைன்ஹவுசர், தன் கல்யாண மோதிரத்தை ஒரு வருடம் வாரந்தோறும் கழற்றிச் சுத்தம் செய்து எடை போட்டார். முடிவை 2008இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். ஐந்தரை கிராமுக்குச் சற்று மேற்பட்ட 18 கேரட் மோதிரம் அது. ஒரு வருடத்தில் 6.15 மில்லிகிராம் குறைந்திருந்தது. கடற்கரை மணலில் இருந்த நாட்களில் இழப்பு கூடியிருந்தது.

அப்பாவின் கணக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாற்பத்தாறு வருடத்தில் 620 மில்லிகிராம் என்றால் வருடத்துக்குப் பதின்மூன்றுக்கு மேல். ஆய்வாளரின் மோதிரத்தைப்போல இரண்டு மடங்கு. பாதிக் காரணம் அப்பாவின் வேலை. மீதிக் காரணம் உலோகத்தின் மென்மை.

சுத்தத் தங்கம் மிகவும் மென்மையானது. அதில் செம்பும் வெள்ளியும் சேர்த்தால்தான் நகை நிற்கும். 22 கேரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், 84 பங்கு மற்ற உலோகம். 18 கேரட்டில் 750 பங்கு தங்கம், 250 பங்கு மற்றவை. இந்தக் கூடுதல் கலப்பை நம் ஊரில் ‘மட்டம்’ என்ற பொருளில்தான் பார்க்கிறோம். உண்மையில் அந்தக் கலப்புதான் மோதிரத்துக்கு வலு. 18 கேரட் மஞ்சள் தங்கம் 22 கேரட்டைவிடச் சுமார் இரண்டு மடங்கு கெட்டி. சட்டென்று வளையாது, கீறல் குறைவாக விழும், கல் பதித்திருந்தால் பிடி தளராது. வெள்ளியும் செம்பும் சரிவிகிதமாக இருந்தால் நிறமும் மஞ்சள்தான். 22 கேரட்டின் சிவந்த மஞ்சளைவிடக் கொஞ்சம் வெளுப்பு, அவ்வளவே. செம்பு கூடினால் ‘ரோஸ் கோல்டு’ என்று விற்கிற இளஞ்சிவப்பு வரும்.

பணக் கணக்கும் இருக்கிறது. ஒரே அச்சில், ஒரே தடிமனில் மோதிரம் வார்த்தால் 22 கேரட்டில் 4 கிராம் வருவது 18 கேரட்டில் ஏறக்குறைய மூன்றரை கிராம்தான் வரும், ஏனென்றால் 18 கேரட்டுக்கு அடர்த்தி குறைவு. முதலாவதில் சுத்தத் தங்கம் 3.66 கிராம். இரண்டாவதில் 2.6 கிராம். ஒரு மோதிரத்தில் ஒரு கிராம் சுத்தத் தங்கத்துக்கு மேல் மிச்சம். 2025 தொடக்கத்தில் சென்னையில் ஒரு சவரன் 57 ஆயிரத்துச் சொச்சம். அதே ஆண்டு அக்டோபரில் 90 ஆயிரத்தைத் தாண்டியது. இந்த விலையில் ஒரு கிராம் என்பது பல குடும்பங்களுக்கு மண்டப அலங்காரச் செலவு.

அம்மாவின் பக்கமும் நியாயம் உண்டு. எங்கள் வீட்டில் தங்கம் எப்போதும் அவசரத்துக்கு உதவும் பணமாகத்தான் இருந்தது. என் கல்லூரிக் கட்டணம் அம்மாவின் வளையல் அடகில் வந்தது. 22 கேரட் நகையை எந்த ஊரிலும், எந்த நேரத்திலும் பணமாக்கலாம். 18 கேரட்டுக்கு அதிலுள்ள தங்கத்தின் மதிப்புதான் கிடைக்கும். சில சிறு கடைகள் வாங்கவே யோசிக்கும். பிளாட்டினத்தை நகைக்கடனுக்கு வங்கிகள் ஏற்பதில்லை. ஆகவே மோதிரத்தைச் சேமிப்பாக நினைப்பவர் 22 கேரட்டிலேயே வாங்கட்டும். ஆனால் அதை விசேஷத்துக்கு மட்டும் போடட்டும். தினமும் போட்டால் அந்தச் சேமிப்பு தானாகவே தேயும்.

பிளாட்டினம் என்னும் கனம்

பிளாட்டினம் மோதிரத்தை முதல்முறை கையில் வாங்குபவர் முகம் மாறுவதைக் கடையில் பார்த்தேன். எதிர்பார்த்ததைவிடக் கனம். தண்ணீரைப்போல இருபது மடங்குக்கு மேல் எடை உள்ள உலோகம். 22 கேரட்டில் 4 கிராம் வரும் அதே அச்சு, பிளாட்டினத்தில் 4.6 கிராமைத் தாண்டும். நகைக்கு வழக்கமாக 950 தரம், அதாவது ஆயிரத்தில் 950 பங்கு சுத்தம். வெள்ளை அதன் சொந்த நிறம், பூச்சு இல்லை. தோலில் அரிப்பு வருவது மிக அரிது.

கீறல் விழாது என்று சில விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். அது சரியல்ல. பிளாட்டினம் கீறும், தங்கத்தைப்போலவே கீறும். வித்தியாசம் வேறு இடத்தில். தங்கத்தில் கீறல் விழுந்தால் உலோகத்தின் துகள் போய்விடுகிறது. பிளாட்டினத்தில் பெரும்பாலும் உலோகம் ஒதுங்கி ஓரத்தில் நிற்கிறது. அதனால் எடை அவ்வளவாகக் குறைவதில்லை. சில வருடத்தில் பளபளப்பு போய் மங்கலான சாம்பல் சாயல் வரும். அந்த மங்கலை விரும்புகிறவர்களும் உண்டு, ஆறு மாதத்துக்கொருமுறை மெருகுக்கு ஓடுகிறவர்களும் உண்டு. வாங்கும் முன்பே நாம் எந்த ரகம் என்று யோசித்துக்கொள்வது நல்லது.

விலையிலும் பலருக்குத் தெரியாத மாற்றம் நடந்திருக்கிறது. 2008 வாக்கில் பிளாட்டினம் தங்கத்தைப்போல இரு மடங்கு விலை. 2015 முதல் கிராமுக்குக் கிராம் தங்கமே விலை கூடியது. டீசல் வாகனங்களின் புகைச் சுத்திகரிப்புக் கருவிக்குப் பிளாட்டினம் வேண்டும். அந்தச் சந்தை சுருங்கியது அதற்கு ஒரு காரணம். இருந்தும் கடையில் மோதிரத்தின் விலை அந்த அளவுக்குக் குறைவாக இருப்பதில்லை. கனம் கூடுதல், செய்கூலியும் கூடுதல். தங்கம் 1,064 டிகிரி செல்சியஸில் உருகும், பிளாட்டினத்துக்கு 1,768 டிகிரி வேண்டும். செல்வபுரம் ஆசாரியின் ஊதுகுழல் தீ அதற்குப் போதாது. விரல் பெருத்து அளவு மாற்ற வேண்டுமென்றால் மோதிரம் பெரும்பாலும் செய்த நிறுவனத்துக்கே திரும்பிப் போக வேண்டும். திரும்பக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்பதை வாங்கும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளைத் தங்கத்தைப் பிளாட்டினம் என்று நினைத்து வாங்குவது இன்னும் நடக்கிறது. இரண்டும் வேறு. வெள்ளைத் தங்கம் என்பது பல்லேடியமோ நிக்கலோ கலந்து வெளுக்க வைத்த தங்கம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா பிளாட்டினத்தை ராணுவத் தேவைக்கென ஒதுக்கி நகைக்குத் தடை போட்டபோது வெள்ளைத் தங்கத்துக்குப் பெரிய வாய்ப்பு வந்தது. அதன் மேல் ரோடியம் பூச்சு இருக்கும். தினமும் போட்டால் ஓரிரு வருடத்தில் பூச்சு தேய்ந்து அடியில் உள்ள இளமஞ்சள் தெரியும், திரும்பப் பூச வேண்டும். நிக்கல் கலந்திருந்தால் வியர்வையில் சிலருக்கு விரல் சிவந்து அரிக்கும். நிக்கலுக்கு ஐரோப்பிய நாடுகள் 1994லேயே கட்டுப்பாடு கொண்டுவந்தன. வியர்வை ஊறும் நம் ஊருக்கு, நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெள்ளை நிறம்தான் வேண்டுமென்றால் பிளாட்டினம் வாங்குங்கள், அல்லது பல்லேடியம் கலந்ததுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

வெள்ளியும் மற்றவையும்

இஸ்லாமிய மரபில் ஆண்கள் தங்கம் அணிவதில்லை. வெள்ளி மோதிரத்துக்கு அனுமதி உண்டு. ஆகவே தமிழ் முஸ்லிம் மாப்பிள்ளைகளுக்கு வெள்ளி நெடுநாள் வழக்கம், இப்போது பிளாட்டினமும் சேர்ந்திருக்கிறது. இந்துக் கல்யாணத்தில் அம்மி மிதித்துப் போடும் மெட்டியும் வெள்ளி. தங்கத்தைக் காலில் போடக் கூடாது என்பது நம்பிக்கை. தரையில் உரசித் தேய்ந்ததும் புது மெட்டி மாற்றுவது இயல்பாக நடக்கிறது, யாரும் வருத்தப்படுவதில்லை. விரலில் போடும் வெள்ளியையும் அப்படி எடுத்துக்கொண்டால் அது நல்ல தேர்வு. கறுக்கும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். வெங்காயம், முட்டை, பெருங்காயம் எல்லாவற்றிலும் கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. சமையல் கையில் வெள்ளி சீக்கிரம் கறுத்துவிடும். துடைத்தால் வெளுக்கும்.

டைட்டானியம், டங்ஸ்டன் கார்பைடு மோதிரங்களை இளைஞர்கள் ஆன்லைனில் வாங்குகிறார்கள். சில ஆயிரம் ரூபாய்க்குக் கறுப்பு, சாம்பல் நிறங்களில் கிடைக்கின்றன. டைட்டானியம் மிக லேசு. தங்கத்தில் 4 கிராம் வரும் அச்சு இதில் ஒரு கிராம்தான். டங்ஸ்டன் கார்பைடில் கீறலே விழாது என்று சொல்லும் அளவுக்குக் கடினம், ஆனால் கல் தரையில் விழுந்தால் விரிசல் விடலாம். இரண்டையும் அளவு மாற்ற முடியாது. இருபத்தைந்து வயது விரல் நாற்பத்தைந்தில் அதே அளவில் இருப்பதில்லை. இன்னொன்று இன்னும் முக்கியம். அடிபட்டு விரல் வீங்கினால் மோதிரத்தை வெட்டித்தான் எடுப்பார்கள். தங்கம், வெள்ளியை அவசரப் பிரிவில் இருக்கும் சிறு கட்டரே வெட்டிவிடும். டைட்டானியத்துக்கு வலுவான கட்டர் வேண்டும். டங்ஸ்டன் கார்பைடை வெட்டவே முடியாது. பிடிப்பான் வைத்து இறுக்கி நொறுக்கித்தான் எடுக்க வேண்டும். போட்டிருப்பவர் இதை மருத்துவரிடம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கையைப் பார்த்து வாங்குவது

லேத்தில் நிற்கும் என் அக்கா மகனுக்கு நான் முதலில் சொன்னது உலோகத்தைப் பற்றி அல்ல. “வேலை நேரத்துல கழட்டிடணும்டா” என்றேன். சுழலும் இயந்திரத்தில் மோதிரம் சிக்கினால் விரலின் தோலும் சதையும் உரிந்து வந்துவிடும். லாரியில் இருந்து குதிக்கும்போது கொக்கியில் மோதிரம் மாட்டி விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். மின் வேலை செய்பவருக்கு மோதிரம் கடத்தி. பேட்டரி முனையில் பட்டால் நொடியில் பழுத்து விரலைச் சுட்டுவிடும். எந்த உலோகம் வாங்கினாலும் இந்த வேலைகளில் இருப்பவர்கள் அதைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொள்வது நல்லது.

செவிலியரான பெண்ணுக்கு வேறு கணக்கு. கல் பதித்த மோதிரம் கையுறையைக் கிழிக்கும், இடுக்கில் அழுக்கு தங்கும். அவளுக்குக் கல் இல்லாத, உள்பக்கம் லேசாக வளைந்த வழவழப்பான வளையம்தான் சரி. உடைந்த தெர்மாமீட்டரின் பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பிளீச்சிங் பவுடரும் நீச்சல் குளத்துக் குளோரினும் கலப்பு கூடிய தங்கத்தை, குறிப்பாக நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கத்தை, உள்ளிருந்து அரிக்கும். குளியலறை கழுவும்போது கழற்றி வைப்பது ஒன்றே வழி. வழக்கமான அழுக்குக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும்.

விரல் அளவை மாலையில் எடுங்கள். காலையில் விரல் மெலிந்திருக்கும், வெயிலில் வீங்கும். ஒரே விரலில் இரண்டு மோதிரம் போடுவதாக இருந்தால் இரண்டும் ஒரே உலோகமாக இருக்கட்டும். கெட்டியானது மற்றதைத் தேய்க்கும்.

கடையில் முத்திரை பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் தங்க நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: பி.ஐ.எஸ். முக்கோணம், 22கே916 அல்லது 18கே750 போன்ற தர எண், ஆறு எழுத்தெண் கொண்ட எச்.யு.ஐ.டி. அந்த ஆறையும் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் நகையின் விவரம் வரும். கடையில் நிற்கும்போதே போட்டுப் பாருங்கள், நல்ல கடைக்காரர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை என்பது பலருக்குத் தெரியாது. மெல்லிய ஜோடி மோதிரங்கள் பல இந்த எடைக்குள்தான் வருகின்றன. முத்திரை உள்ளதையே கேளுங்கள். கல் இல்லாத சாதாரண வளையத்துக்குச் சேதாரம் அதிகம் கேட்டால் பேசிக் குறையுங்கள். அந்த வளையம் பெரும்பாலும் இயந்திரத்தில் செய்தது.

முத்திரையின் அருமையை எனக்கு உணர்த்தியது அப்பாவின் மோதிரம்தான். 1979 ரசீதில் 22 கேரட் என்று எழுதியிருந்தது. ஆசாரி உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இருபதுக்கு மேல வராதுங்க” என்றார். ஹால்மார்க் மையத்தில் பொதுமக்களும் கட்டணம் செலுத்தித் தங்கள் நகையைப் பரிசோதிக்கலாம். அங்கே கொடுத்தோம். 20 கேரட் என்றுதான் அறிக்கை வந்தது. இந்தியாவில் தங்கத்துக்கு ஹால்மார்க் வந்ததே 2000இல். அப்பா தன் கூலியில் சேர்த்து, கடைக்காரர் சொன்ன வார்த்தையை நம்பி வாங்கியது அது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லக் கொஞ்சம் தயங்கினேன். அவர் மோதிரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “அவர் போட்டிருந்ததுதானே” என்று மட்டும் சொன்னார்.

பிறகுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. 3.38 கிராம் 20 கேரட்டில் சுத்தத் தங்கம் ஏறக்குறைய 2.82 கிராம். அதையே 18 கேரட்டாக இறக்கினால் 3.75 கிராம் வரும். சேர்க்க வேண்டியது 0.37 கிராம் செம்பும் வெள்ளியும் மட்டும். புதிதாகத் தங்கம் ஒரு குன்றிமணிகூட வேண்டாம். ஆசாரியிடம் கேட்டேன். “தாராளமா பண்ணலாமுங்க, தாத்தா மோதிரம் பேரனுக்கு இன்னும் கெட்டியா நிக்கும்” என்றார்.

‘18 கேரட்டா, ஊரில் என்ன சொல்வார்கள்’ என்ற கேள்வி அம்மாவிடமிருந்து வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பெண்ணுக்குக் கடையில் எச்.யு.ஐ.டி. உள்ள 18 கேரட் மஞ்சள் வளையம், கல் இல்லாமல் வாங்கினோம். பிளாட்டினம் கேட்டவன் தாத்தாவின் தங்கம் என்றதும் வேறெதுவும் கேட்கவில்லை.

போன வாரம் மோதிரம் கைக்கு வந்தது. அரம் போட்டு மெருகிட்டதில் போனது போக 3.610 கிராம். மையத்தில் மறுபடி பரிசோதித்தோம், 750 இருக்கிறது. எடையையும் தரத்தையும் தேதியையும் அந்த 1979 ரசீதின் பின்பக்கத்திலேயே எழுதி, அக்கா மகனிடம் கொடுத்திருக்கிறேன்.